நான்காம் பிரஸ்ஸின் இரண்டாவது புள்ளி

வடிவமைப்புப் பிரிவில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் மூவரிடமும் அலமாரிச் சாவியைக் கொடுத்துவிட்டுப் பேசாமல் வீட்டுக்குப் போயிருப்பேன். ஆனால் என் கடைசி வாரத்தில் உங்களில் ஒருவர் ஒரு எச்சரிக்கைப் பலகையைக் கொண்டுவந்து காட்டினீர்கள். முன்பு அதில் இருந்த நாலு வரியையும் எடுத்துவிட்டு ஒரே ஒரு படத்தை மட்டும் வைத்திருந்தீர்கள். "எவ்ளோ க்ளீனா இருக்கு பாருங்க மேடம்" என்றீர்கள். பார்க்க நன்றாகத்தான் இருந்தது. ஆனால் எனக்கு ஒப்பவில்லை. ஏன் என்று அப்போது சொல்லத் தைரியம் வரவில்லை. இப்போது ஓய்வு பெற்றுவிட்டேன், யாரும் முகத்துக்கு நேரே கேள்வி கேட்க மாட்டீர்கள், அதனால் எழுதுகிறேன்.

எழுத்தின் அளவு, நிறப் பொருத்தம், அச்சு முறை பற்றியெல்லாம் நான் சொல்லப்போவதில்லை. அவை உங்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும். கம்ப்யூட்டர் வந்த பிறகு உங்களைப் போன்றவர்களிடம் கேட்டுக் கேட்டுத்தான் காலத்தை ஓட்டினேன். மாணவியாக இருந்தபோது நான் செய்த ஒரு காரியத்தைச் சொல்கிறேன். இதை முன்பும் சிலரிடம் சொல்லியிருக்கிறேன். ஒவ்வொரு முறையும் எனக்கு வசதியான இடத்தில் நிறுத்திக்கொண்டேன். இந்தத் தடவை முழுதாகச் சொல்லிவிடுகிறேன்.

அது 1991. எனக்கு இருபத்து நான்கு வயது. சின்னப் பெண், தெரியாமல் செய்துவிட்டாள் என்று நீங்கள் சமாதானம் சொல்லக் கூடாது என்பதற்காகவே வயதைச் சொல்கிறேன். பென்னலூரில் வீடு. ஸ்ரீபெரும்புதூர் பஸ் நிலையத்துக்கு அருகில் ஒரு தட்டச்சுக் கடையில் மூன்று வருடம் வேலை பார்த்திருந்தேன். மனுவும் வாடகை ஒப்பந்தமும் அடித்து அடித்து விரல் தேய்ந்ததுதான் மிச்சம். அடித்து முடித்ததும் மனு கொடுக்க வந்தவர் பறப்பார். நானோ தாளைத் தூரத்தில் பிடித்து, மேலே இன்னும் கொஞ்சம் இடம் விட்டிருக்கலாமே, தலைப்பைத் தள்ளிப் போட்டிருக்கலாமே என்று பார்த்துக்கொண்டிருப்பேன். அந்தக் கிறுக்குதான் என்னைச் சென்னையில் ஒரு வடிவமைப்பு டிப்ளமோ வகுப்பில் கொண்டுபோய்ச் சேர்த்தது. கல்யாணத்தைத் தள்ளிப்போட இது ஒரு சாக்கு என்று அம்மா நினைத்தார். அதிலும் கொஞ்சம் உண்மை இருந்தது.

தினமும் பஸ்ஸில் போய்வருவேன். அந்த வருடம் ஸ்ரீபெரும்புதூர் என்று சொன்னாலே வகுப்பில் எல்லோரும் மே மாதக் குண்டுவெடிப்பைப் பற்றித்தான் கேட்டார்கள். பதில் சொல்லி அலுத்துப்போய், காஞ்சிபுரம் பக்கம் என்று சொல்ல ஆரம்பித்துவிட்டேன்.

வகுப்பில் முதல் இரண்டு மாதம் எழுத்தே கிடையாது. ஒரு தாளில் சதுரம் போட்டு அதற்குள் புள்ளிகள் வைக்கச் சொன்னார்கள். இடது ஓரத்தில் ஒரு புள்ளி வைத்தால் சதுரமே அந்தப் பக்கம் சாய்ந்த மாதிரி இருக்கும். வலது பக்கம் அதே உயரத்தில் இன்னொன்று வைத்தால் நிமிர்ந்துகொள்ளும். இதையே நூறு தாளில் செய்திருப்பேன். பிறகுதான் எழுத்து வந்தது. 'அ'வை அடிக்கோல் வைத்து வரைவது, எழுத்துக்கும் எழுத்துக்கும் நடுவே எவ்வளவு வெளி விடுவது, ஒரு பக்கத்தில் எத்தனை அளவு எழுத்துகள் தாங்கும், இப்படி. எங்கள் ஆசிரியர் அடிக்கடி சொல்வது, "தாள்ல கூட்டம் சேக்காதீங்க." எனக்கு அது வேதவாக்காகிவிட்டது. வீட்டுச் சுவரில் இருந்த ஆறு காலண்டரில் ஐந்தைக் கழற்றி உள்ளே வைத்தேன். அப்பா ஐந்தையும் திரும்ப மாட்டினார்.

இரண்டாம் ஆண்டில் ஒரு செய்முறை வேலை உண்டு. உண்மையான ஒரு வேலையிடத்துக்குப் போய் அங்குள்ள பலகைகளை எல்லாம் புதிதாக வடிவமைத்து மாட்டிவிட்டு, நிர்வாகத்திடம் கடிதம் வாங்கிவர வேண்டும். சிறந்தவற்றை வருடக் கடைசியில் கண்காட்சியில் வைப்பார்கள். மற்றவர்கள் ஓட்டல், கிளினிக் என்று போனார்கள். நான் ஒரகடம் போகும் சாலையில் இருந்த ஒரு ரப்பர் ஆலைக்குப் போனேன். அங்கே சூப்பர்வைசராக இருந்த ராகவன் சார் ஆலைக் கடிதங்களை அடிக்க எங்கள் கடைக்கு வருபவர். ஸ்ரீபெரும்புதூர்க்காரர், கோயில் கைங்கர்யக் குடும்பம். மேனேஜரிடம் பேசி அனுமதி வாங்கிக் கொடுத்தார்.

அந்த ஆலையில் எட்டு பிரஸ்கள். வண்டிகளுக்கான ரப்பர் உதிரிகளை அச்சில் வைத்து, சூடாக்கி, அழுத்தி எடுக்கும் இயந்திரங்கள். ஒவ்வொன்றிலும் ஆள் முகத்துக்கு நேரே வட்டமாக ஒரு கேஜ் இருக்கும். அழுத்தம் ஏற ஏற முள் இடது கீழ் மூலையிலிருந்து மேலே ஏறி, வலது பக்கமாக இறங்கும். குறிப்பிட்ட இடத்துக்கு வந்ததும் பம்பை நிறுத்திவிட வேண்டும். அதைச் சொல்லும் பலகைகளை ஊர் பெயின்டர் ஒருவர் எழுதியிருந்தார். நான்காம் பிரஸ்ஸில், "70ஐத் தாண்டாதே!!" என்று சிவப்பில் கொட்டை எழுத்து. அதற்கு மஞ்சள் நிழல், பக்கத்தில் ஒரு மண்டை ஓடு. மண்டை ஓட்டுக்குப் பல் வரிசை வேறு ஒழுங்காக வரைந்திருந்தார். வகுப்பில் அதன் படத்தைக் காட்டியபோது எல்லோரும் விழுந்து விழுந்து சிரித்தோம். நான்தான் முதலில் சிரித்தேன்.

அந்தப் பலகைகள் எல்லாவற்றையும் கழற்றினேன். வெளிர் சாம்பல் தகட்டில் ஒரே அளவு எழுத்தில் பிரஸ்ஸின் எண் மட்டும். பலகைகளில் இருந்த எழுபது, நூற்று நாற்பது போன்ற எல்லை எண்களும் வேண்டாம், எல்லை எங்கே என்பதை கேஜ் கண்ணாடியின் மேலேயே காட்டிவிடலாம் என்று முடிவு செய்தேன். சட்டைப் பொத்தான் அளவில் சிவப்பு வட்ட ஸ்டிக்கர். ஆறு பிரஸ்களுக்கு ஒரு புள்ளி. ஏழாவதும் எட்டாவதும் இரண்டு கட்டமாக அழுத்துபவை. முதலில் பாதி அழுத்தி, காற்று வெளியேறக் கொஞ்சம் விட்டு, பிறகு முழுதாக அழுத்துவார்கள். அதனால் அவற்றுக்கு மட்டும் இரண்டு புள்ளிகள். ஒரு புள்ளி என்றால் ஒரு கட்டம், இரண்டு என்றால் இரண்டு கட்டம். படிக்கத் தெரியாதவருக்கும் புரியும். ஆசிரியர் வந்து பார்த்துவிட்டு முதுகில் தட்டாத குறையாகப் பாராட்டினார். கண்காட்சியில் நடுச் சுவர் உனக்குத்தான் என்றார். எனக்குத் தலைகால் புரியவில்லை.

ஒரு குறையும் இல்லை, பிரஸ்காரர்கள் ஒரே நாளில் பழகிக்கொண்டார்கள். அவர்களில் ஏழாம் பிரஸ்ஸில் இருந்த ஜோசப் அண்ணா என்னிடம் நன்றாகப் பேசுவார். முப்பது வயது இருக்கும். இரண்டு பெண் குழந்தைகள். ஐந்து வருடமாகத் தற்காலிகத் தொழிலாளி. பொங்கலுக்கு வரவிருந்த நிரந்தரப் பட்டியலில் தன் பெயர் இருக்கிறது என்று யாரோ சொல்லிவிட்டதிலிருந்து மனிதர் லீவே போடவில்லை. "இது கெடச்சிட்சுன்னா சூளைக்கு இன்னொரு தபா போவத் தேவயில்லமா" என்பார். அதற்கு முன் செங்கல் சூளையில் இருந்தவர்.

ஆயுதபூஜை வந்தது. என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். இயந்திரங்களைக் கழுவித் துடைத்து, வாழைக்கன்று கட்டி, பொரியும் பூசணிக்காயுமாக ஆலையே வேறு மாதிரி இருந்தது. ஜோசப் அண்ணா கிறிஸ்தவர். ஆனால் தோரணம் கட்ட ஏணியில் ஏறியது அவர்தான். ராகவன் சார் சந்தனக் கிண்ணத்தையும் குங்குமத் தட்டையும் என் கையில் கொடுத்து, "இந்த ஃபேக்டரிய அழகு பண்ணது நீதானே, நீயே பொட்டு வெச்சுட்டு வாம்மா" என்றார்.

முதல் மூன்று பிரஸ்களுக்கும் கைப்பிடியிலும் உடம்பிலுமாக வைத்துக்கொண்டு வந்தேன். நான்காவதுக்கு வந்தபோது சந்தனம் தீர்ந்துவிட்டது. யாரோ அரைத்துக்கொண்டுவரப் போனார்கள். அதுவரை சும்மா நிற்பானேன் என்று குங்குமத்தை மட்டும் தண்ணீரில் குழைத்தேன். கண்ணுக்கு நேரே கேஜ். எழுபதில் என் சிவப்பு ஸ்டிக்கர், வட்டத்தின் இடது பக்கத்தில் தனியாக. வலது பக்கம் வெறிச்சென்று இருந்தது. மோதிர விரல் தானாகப் போய், அதே உயரத்தில், அதே அளவில், வலது பக்கம் ஒரு பொட்டு வைத்தது. தள்ளி நின்று பார்த்தேன். வட்டம் நிமிர்ந்துகொண்டது. அதற்குள் சந்தனம் வந்துவிட்டது, அடுத்த பிரஸ்ஸுக்குப் போய்விட்டேன்.

பூஜைப் பொட்டை யாரும் துடைப்பதில்லை. தானாக உதிரும்வரை இருக்கும். இரண்டு நாள் விடுமுறையில் என் குங்குமம் கண்ணாடியில் நன்றாகக் காய்ந்து, ஸ்டிக்கருக்கு இரட்டைப் பிறவியாக ஆகிவிட்டது.

ஆலை திறந்த அன்று நான்காம் பிரஸ்ஸின் வழக்கமான ஆள் ஊரிலிருந்து திரும்பவில்லை. ஜோசப் அண்ணாவை அதில் போட்டார்கள். அவர் அதை ஓட்டியதே இல்லை. கேஜைப் பார்த்தார். இரண்டு புள்ளிகள். அவருடைய ஏழாம் பிரஸ்ஸிலும் கிட்டத்தட்ட அதே இடங்களில்தான் இரண்டு புள்ளிகள். முதல் புள்ளிவரை ஏற்றினார், காற்றுக்கு விட்டார், இரண்டாம் புள்ளியை நோக்கி ஏற்றினார். நான் சொல்லிக்கொடுத்தபடியே படித்தார். எழுபது தாங்கும் அச்சு அது. நூற்றிருபதுக்கு மேலே போனதும் பிளந்தது. ஒரு இரும்புத் துண்டு அவர் காதை உரசிக்கொண்டு போய் மேலே கூரை ஷீட்டில் ஓட்டை போட்டது. எண்ணெய்க் குழாய் பிய்த்துக்கொண்டு அந்தப் பக்கம் முழுக்க எண்ணெய் பீய்ச்சியடித்தது.

அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. பதறிப்போய் எல்லோரும் பழந்துணியை எடுத்துக்கொண்டு ஓடிவந்து துடைத்தார்கள். எண்ணெயோடு குங்குமமும் போய்விட்டது. பசை போட்டு ஒட்டிய ஸ்டிக்கர் போகவில்லை. ஒரு மணி நேரம் கழித்து மேனேஜர் வந்து பார்த்தபோது கேஜில் ஒரே ஒரு புள்ளி இருந்தது.

இதெல்லாம் எனக்கு அடுத்த திங்கட்கிழமைதான் தெரியும். கண்காட்சிக்காகப் பலகைகளைப் படம் எடுக்க ஒரு கேமராவை இரவல் வாங்கிக்கொண்டு குஷியாகப் போனேன். ராகவன் சார் முகத்தில் ஈயாடவில்லை. நடந்ததைச் சொன்னார். "ரெண்டு புள்ளி இருந்துச்சுன்னு சாதிக்கறான்மா. நானும் போய்ப் பாத்தேன், ஒண்ணுதான் இருக்கு. மெமோ குடுத்தாச்சு, வெள்ளிக்கிழமை என்கொயரி. பொய் சொல்ற ஆளும் இல்ல. என்னன்னே புரியல" என்றார்.

எனக்குப் புரிந்துவிட்டது. அந்த நிமிடமே புரிந்துவிட்டது. வாயைத் திறந்தேன், "கேமராவ இன்னொரு நாள் கொண்டாறேன் சார்" என்று சொல்லி மூடிக்கொண்டேன்.

கேட்டுக்கு வெளியே ஜோசப் அண்ணா நின்றுகொண்டிருந்தார். உள்ளே விடவில்லை போலிருக்கிறது. என்னைப் பார்த்ததும் வேகமாக வந்தார்.

"வனஜாம்மா, உன்னான்ட ஒண்ணு கேக்கணும். நாலாம் பிரஸ்ல நீ எத்தினி புள்ளி போட்ட? ஒண்ணா, ரெண்டா? எனக்கு ரெண்டு தெரிஞ்சிச்சிமா. அல்லாரும் ஒண்ணுன்றாங்க. போட்டவ நீதான, நீ சொல்லு."

கடிதம் போய்விடும், நடுச் சுவர் போய்விடும் என்றெல்லாம் நான் யோசித்தேனா என்று கேட்டால், ஆமாம், யோசித்தேன். மூச்சு விடும் நேரத்துக்குள் எல்லாமே மனதில் ஓடிவிட்டது.

"நாலுல ஒண்ணுதாண்ணா ஒட்டினேன்" என்றேன்.

பொய் இல்லை. ஒன்றுதான் ஒட்டினேன். பஸ்ஸில் வீட்டுக்குப் போகும் வழி முழுக்க இதையே எனக்குச் சொல்லிக்கொண்டேன். அவர் என் பதிலைக் கேட்டுவிட்டு "அப்டியா" என்று மட்டும் சொன்னார். அந்த முகம் எனக்கு இன்னும் மறக்கவில்லை. கோபமோ அழுகையோ இல்லை. குழம்பிப்போன முகம்.

செவ்வாய், புதன் இரண்டு நாளும் வகுப்புக்குப் போனேன். நான் சொல்லாவிட்டாலும் அவரை மன்னித்துவிடுவார்கள் என்று ஒரு கணக்கு. பூஜைப் பொட்டு வைத்தது ஒரு குற்றமா என்று இன்னொரு கணக்கு. பாவம் ஜோசப் அண்ணா என்று நினைத்துக்கொள்ளவும் நேரம் ஒதுக்கினேன். அப்படி நினைத்துக்கொண்டால் நாம் நல்லவர் என்று தோன்றும், வேறு பயன் இல்லை.

வியாழக்கிழமை கண்காட்சிக்கான பெரிய படத்தை வரைய உட்கார்ந்தேன். படம் எடுக்க முடியாததால் கேஜையே இரண்டடி அகலத்தில் வரைந்து வைப்பதாகத் திட்டம். காம்பஸ் வைத்து வட்டம் போட்டேன், அளவுக் கோடுகளைப் போட்டேன், எழுபதில் சிவப்புப் புள்ளியை வைத்தேன். ஆசிரியர் பின்னால் வந்து நின்றார். தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"ரொம்ப நல்லா வந்திருக்கு. ஆனா வலது பக்கம் காலியாத் தெரியுது இல்ல? அங்க எதாவது வையேன்" என்றார்.

அவர் நல்ல ஆசிரியர். ஒரு படத்தைப் பற்றித்தான் சொன்னார், அதில் தப்பே இல்லை. நான் தூரிகையைக் கீழே வைத்துவிட்டேன். அதுவரை என் விரல் ஏதோ தெரியாமல் செய்துவிட்டது என்று சமாதானம் சொல்லி வைத்திருந்தேன். தெரியாமல் இல்லை, படித்ததால்தான் செய்தது. அந்த வட்டத்தை முள் ஓடும் இடமாகப் பார்க்காமல் ஒரு படமாகத்தான் நான் ஆரம்பத்திலிருந்தே பார்த்திருக்கிறேன். பலகையிலிருந்து எழுபது என்ற எண்ணை எடுத்ததும் அதனால்தான். அந்தப் பெயின்டரின் அசிங்கமான "70" அங்கே இருந்திருந்தால், பத்துப் பொட்டு வைத்திருந்தாலும் ஜோசப் அண்ணா எழுபதில் நிறுத்தியிருப்பார்.

வெள்ளிக்கிழமை வகுப்புக்குப் போகவில்லை. ஆலைக்குப் போனேன். மேனேஜர் அறையில் என்கொயரி தொடங்கியிருந்தது. மேனேஜர் உட்கார்ந்திருந்தார். ராகவன் சார் ஓரமாக நின்றார். மேசைக்கு முன்னால் ஜோசப் அண்ணா. முதலில் எனக்கு அவரை அடையாளமே தெரியவில்லை. கறுப்பு ஃப்ரேம் போட்ட புதுக் கண்ணாடி அணிந்திருந்தார். மூக்கில் சரியாக உட்காராமல் நழுவிக்கொண்டே இருந்தது.

"என்னம்மா, உன்னைக் கூப்பிடலையே" என்றார் மேனேஜர்.

"சார், நாலாம் பிரஸ்ல ரெண்டு புள்ளி இருந்துது சார். ஒண்ணு ஸ்டிக்கர். இன்னொண்ணு பூஜை அன்னிக்கு வெச்ச குங்குமம். நான்தான் வெச்சேன்."

ராகவன் சார் நெற்றியைப் பிடித்துக்கொண்டார். தட்டை என் கையில் கொடுத்தது அவர்தான் என்று அவருக்கு ஞாபகம் வந்திருக்கும்.

"கேஜ் கண்ணாடி மேல எதுக்கு வெச்சே?" என்றார் மேனேஜர்.

"அழகுக்கு சார்."

வேறு வார்த்தை தேடிப் பார்த்தேன். சமநிலை, அமைப்பு என்று வகுப்பில் கற்ற வார்த்தைகள் எத்தனையோ இருந்தன. அந்த அறையில் ஒன்றும் வாயில் வரவில்லை.

மேனேஜர் என்னைத் திட்டவில்லை. கையில் இருந்த ஒரு தாளையும் ஜோசப் அண்ணாவையும் மாறி மாறிப் பார்த்தார். "அப்பறம் இவர் ஏன் இப்படி எழுதிக் குடுத்திருக்கார்?" என்று கேட்டுவிட்டு அதைச் சத்தமாகப் படித்தார். என் கண் பார்வைக் கோளாறினால் ஒரு புள்ளி இரண்டாகத் தெரிந்துவிட்டது, தவறு என்னுடையது, கண்ணாடி வாங்கிவிட்டேன், இனி இப்படி நடக்காது, வேலையிலிருந்து நீக்க வேண்டாம். கீழே ஜோசப் அண்ணாவின் கையெழுத்து.

"ரெண்டு இருந்துதுன்னு தெரிஞ்சும் ஏம்பா இப்படி எழுதுன?"

"தெரியல சார்" என்றார் ஜோசப் அண்ணா. "மொதல்ல ரெண்டுன்னுதான் சொன்னேன். அப்பால இந்தப் பொண்ணு கைல கேட்டேன். ஒண்ணுதான்னுச்சு. போட்டவங்களே சொல்லும்போது நம்ம கண்ணுதான் கெட்டுட்சுன்னு காஞ்சிபுரத்துக்குப் போனேன். கண்ணாடிக்கடைக்காரரு எழுத்து அட்டய வெச்சுப் படிக்க சொன்னாரு. கடேசி வரி வரைக்கும் படிச்சிட்டேன். கண்ணாடி வேணாம்யான்னாரு. இல்ல சார், எனக்கு ஒண்ணு ரெண்டாத் தெரியுதுன்னு கெஞ்சிக் கேட்டு வாங்கியாந்தேன்."

நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருந்தது. திங்கட்கிழமை கேட்டில் நான் சொன்ன ஒரு வாக்கியத்தை அவர் தன் கண்ணைவிட அதிகமாக நம்பியிருக்கிறார்.

மேனேஜர் அந்தத் தாளைக் கிழித்துப் போட்டார். மெமோவைத் திரும்ப வாங்கிக்கொண்டார். பொங்கலுக்கு வந்த பட்டியலில் ஜோசப் அண்ணாவின் பெயர் இருந்தது. எனக்குக் கடிதம் கிடைக்கவில்லை, கேட்கவும் இல்லை. நடுச் சுவர் ஒரு ஓட்டல் மெனுவுக்குப் போயிற்று. மறுபடி ஒரு வருடம் வேறு ஒரு இடத்தில் அந்தச் செய்முறை வேலையைச் செய்து முடித்தேன். ஆலையில் என் தகடுகளை எடுத்துவிட்டுப் பழைய பெயின்டரையே கூப்பிட்டார்கள். அவர் இந்தத் தடவை "70"ஐ இன்னும் பெரிதாக எழுதி, மண்டை ஓட்டுக்குக் கீழே இரண்டு எலும்பும் சேர்த்தார்.

க்ளீனாக இருக்கிறது என்று சொன்னவருக்கு ஒன்று சொல்வேன். நீங்கள் எடுத்த அந்த நாலு வரி யாருக்காக இருந்தது என்று ஷாப் ஃப்ளோரில் இயந்திரம் ஓட்டுபவரிடம் போய்க் கேட்டுவிட்டு எடுங்கள். கேட்ட பிறகும் தப்பு நேரலாம். எனக்கு அதற்குப் பிறகும் நிறைய நேர்ந்தது. லேபிள்கள் தலைகீழாக அச்சாகிப் போயிருக்கின்றன, நிறம் மாறிப் போயிருக்கிறது. அவற்றையெல்லாம் அடுத்த வாரமே திருத்திவிட்டோம். பொட்டு வைத்ததைக்கூட அந்தக் கணக்கில் சேர்க்கலாம். கேட்டில் ஒருவர் வந்து கேட்டபோது நான் சொன்ன பதிலை அதில் சேர்க்க முடியவில்லை. உங்களிடமும் ஒருநாள் ஒருவர் வந்து, எனக்கு இப்படித் தெரிந்ததே, சரியா என்று கேட்பார். உங்கள் வேலையைப் பற்றி உங்களுக்குத் தெரிந்தது முழுவதையும் அவரிடம் சொல்லிவிடுங்கள். அவர் கேட்ட அளவுக்கு மட்டும் அளந்து சொல்லாதீர்கள்.

நான் வழக்கமாக நிறுத்தும் இடம் இதுதான். உண்மையைச் சொன்னேன், அவர் வேலை பிழைத்தது என்று கேட்பவர்கள் என்னைப் பாராட்டுவார்கள். மீதியையும் சொல்கிறேன்.

அன்று என்கொயரி முடிந்து வெளியே வந்தபோது ஜோசப் அண்ணா சைக்கிள் நிறுத்தும் இடத்தில் நின்றிருந்தார். கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு, தூரத்தில் சாலையில் போகும் லாரியைப் பார்த்தார். பிறகு போட்டுக்கொண்டு பார்த்தார். நான் பக்கத்தில் போனேன். மன்னிப்புக் கேட்க வாயெடுப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார்.

"ஏம்மா, அப்ப என் கண்ணு நல்லாத்தான் கீதா?" என்றார்.

"நல்லாதாண்ணா இருக்கு. உங்க கண்ணுல ஒரு கோளாறும் இல்ல. நீங்க சரியாத்தான் பாத்தீங்க."

அவர் தலையாட்டினார். கண்ணாடியை மடித்தார், தூக்கி எறியாமல் பத்திரமாகச் சட்டைப் பையில் வைத்தார். சைக்கிளைத் திருப்பி, பெடலில் ஒரு காலை வைத்துக்கொண்டு, கொஞ்சமும் கோபம் இல்லாமல், பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொல்வது போலச் சொன்னார்:

"சரிம்மா. எதுக்கும் வேற யாரான்டயாவது ஒரு தபா கேட்டுக்கறேன்."